கோயம்பேட்டின் 36 ஏக்கரை முடிவு செய்யப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

கோயம்பேடு பேருந்து நிலையத்தின் ஏறத்தாழ 36 ஏக்கர் நிலத்தை என்ன செய்வது என்று நீங்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பலமாடி வணிக வளாகம், அலுவலகக் கோபுரங்கள், எல்லாம் கலந்த பெருவளாகம் என்று ஒவ்வொரு யோசனையாக எங்கள் காதில் விழுகிறது. அந்த நிலத்தைச் சுற்றி வாழ்கிற எங்களிடம் மட்டும் இதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்களாகவே போய்க் கேட்டோம். தெருவாசிகள் மூன்று பேர் ஓர் அலுவலகத்துக்குப் போய், "போக்குவரத்து ஆய்வு எடுத்திருக்கிறீர்களா? எடுத்திருந்தால் நாங்கள் பார்க்கலாமா?" என்றோம். "திட்டம் முடிவானதும் தெரிவிப்போம்" என்று பதில் வந்தது.

முடிவான பிறகு எங்களுக்குத் தெரிவித்து என்ன பயன்? அந்தப் பதிலோடு வீடு திரும்பிய அன்று இந்த மடலை எழுதத் தொடங்கினேன்.

நான் கோயம்பேடு காய்கறி அங்காடியில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கெழுதுகிறவன். 1988-இல், பதினேழு வயதில், அப்போது சென்னையின் காய்கறிச் சந்தை இருந்த கொத்தவால் சாவடியில் எடுபிடியாகச் சேர்ந்தேன். லாரியிலிருந்து இறங்கிய வெங்காய மூட்டை கடைக்கு வந்துசேர அந்தச் சந்துகளில் ஒரு மணி நேரம் ஆகும். மழை பெய்தால் முட்டிவரை சேறு. நெரிசல் தாங்காமல்தான் 1996-இல் அங்காடியைக் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். அப்போது எங்களில் பலர் அழுதோம். எந்த வியாபாரி அந்த வனாந்தரத்துக்கு வருவான் என்று கேட்டோம். வந்தார்கள். மறுவருடம் நானும் எம்.எம்.டி.ஏ. காலனிக்குக் குடிவந்தேன். 2002-இல் பிராட்வேயின் நெரிசலைக் குறைக்க வெளியூர்ப் பேருந்துகளும் இங்கே வந்தன. பிறகு கோயம்பேடே தாங்காது என்றாகி, 2018-இல் ஆந்திரப் பேருந்துகள் மாதவரத்துக்கும், 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் முனையம் திறந்தபின் தென்மாவட்டப் பேருந்துகள் அங்கேயும் போயின. மேற்கே போகும் பேருந்துகளுக்கென்று குத்தம்பாக்கத்திலும் ஒரு முனையம் என்று ஏற்பாடு.

இந்த வரிசையை நான் வெளியிலிருந்து படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நான் அங்கே மூட்டைகளுக்கு நடுவே நின்றிருக்கிறேன். கண்டது ஒன்றுதான். இடம் மூச்சுமுட்டும்போது ஒன்றை ஊருக்கு வெளியே அனுப்புகிறோம். அது விட்டுச்சென்ற இடத்தை உடனே வேறொன்றால் நிரப்புகிறோம். பிறகு அதுவும் மூச்சுமுட்டுகிறது. காய்கறி போன பின்பும் கொத்தவால் சாவடிப் பக்கத்துத் தெருக்களில் இன்றுவரை கை வண்டியைத் தாராளமாகத் தள்ள முடிவதில்லை. அதே தவற்றைக் கோயம்பேட்டில் செய்யாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

2024 ஜனவரிக்குப் பிறகு நாங்கள் கண்ட ஒரு மாற்றத்தைச் சொல்கிறேன். நூறடிச் சாலையை இரவு பத்து மணிக்குக் கடப்பதென்றால் அதற்குமுன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கடக்க வேண்டும். தென்மாவட்டப் பேருந்துகளும் ஆம்னி பேருந்துகளும் போனபின், வெள்ளிக்கிழமை இரவுகளில்கூட அங்கே மூச்சு விட முடிந்தது. இந்த மூச்சு சும்மா கிடைத்ததல்ல. திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் போகிறவர்கள் குழந்தைகளையும் பைகளையும் இழுத்துக்கொண்டு வண்டலூரையும் தாண்டிப் போய்ப் பேருந்து ஏறினார்கள். முனையம் திறந்தபோது அங்கே ரயில் நிலையமும் இல்லை, மெட்ரோவும் இல்லை. வடசென்னையிலிருந்து ஆட்டோவுக்குக் கொடுத்த பணம் ஊருக்குப் போகும் டிக்கெட்டைவிட அதிகம் என்று எங்கள் மண்டியில் மூட்டை தூக்கும் தம்பி ஒருவர் சொல்லிப் புலம்பினார். நகரத்தின் நெரிசல் குறைய வேண்டும் என்பதற்காக அந்த மக்கள் இந்தச் சிரமத்தை ஏற்றார்கள். அவர்கள் விலை கொடுத்து வாங்கித் தந்த இடைவெளியை ஒரு வணிக வளாகத்துக்குத் தூக்கிக் கொடுத்தால், அவர்களிடம் என்ன சொல்வீர்கள்?

போக்குவரத்து ஆய்வு பற்றி நான் கேட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு, இளைஞர்கள் சிலர் கையில் தாளுடன் சந்திப்பில் நின்று வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். யார் அனுப்பிய ஆட்கள் என்று எனக்குத் தெரியாது. "எத்தனை மணி வரை எண்ணுவீர்கள், தம்பி?" என்று கேட்டேன். "காலை மூன்று மணி நேரம், மாலை மூன்று மணி நேரம், ஐயா" என்றார்கள். "இரவு?" "இரவு இல்லை, ஐயா."

கோயம்பேட்டின் உச்ச நேரம் காலை ஒன்பது மணியில் இல்லை. இரவு பத்து மணிக்கு மேல்தான் எங்கள் நாள் விடிகிறது. நாசிக் வெங்காயம், மதனப்பள்ளியிலிருந்தும் கோலாரிலிருந்தும் தக்காளி, ஒட்டன்சத்திரத்து முருங்கை, ஊட்டி கேரட், ஓசூர்ப் பூ என்று லாரி லாரியாகப் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் நூறடிச் சாலையிலும் வந்து நிற்கும். அங்காடியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். இறக்கி முடிப்பதற்குள் சில்லறை வியாபாரிகளின் குட்டி யானைகள், ஆட்டோக்கள், மீன்பாடி வண்டிகள், இருசக்கர வண்டிகளின் பின்னால் கட்டிய கூடைகள் என்று எல்லாம் மூன்று மணிக்கே நுழைந்துவிடும். அதிகாலை மூன்றிலிருந்து ஆறு வரை அந்த வாசல்களில் ஒருநாள் வந்து நின்று பாருங்கள். விடிவதற்குள் அம்பத்தூரிலும் திருவல்லிக்கேணியிலும் தள்ளுவண்டியில் தக்காளி இருக்க வேண்டும் என்றால் அந்த மூன்று மணி நேரம் தடையில்லாமல் ஓட வேண்டும்.

லாரி இரண்டு மணி நேரம் சந்திப்பில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை என் பேரேடு சொல்லும். விற்பனை உச்சத்தில் இருக்கும்போது இறங்க வேண்டிய சரக்கு, வாங்குகிறவர்கள் போனபின் இறங்கும். பதினான்கு கிலோ பெட்டிக்கு ஐம்பது ரூபாய், சில நாள் நூறு ரூபாய் குறையும். அந்த இழப்பு மண்டிக்காரரைத் தொடாது. கமிஷன் போக மிச்சம் வாங்குகிற விவசாயியின் கணக்கில்தான் விழும். நூறடிச் சாலையில் நின்றுபோன ஒரு லாரிக்கான தண்டத்தை மதனப்பள்ளியில் எங்கோ ஒரு குடும்பம் கட்டுகிறது. நீங்கள் எடுக்கும் எந்த ஆய்விலாவது அந்தக் குடும்பம் இருக்கிறதா?

பொங்கலுக்கு முந்தைய வாரத்தையும் ஆயுத பூசை வாரத்தையும் தனியாகச் சொல்ல வேண்டும். கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, பூசணிக்காய், பொரி என்று சிறப்புச் சந்தை கூடும். அந்த நாட்களில் அங்காடியின் உள்ளே இருக்கும் திறந்தவெளி போதாமல் சாலை வரை வழிகிறது. ஆண்டில் சில நாட்கள்தானே என்று கழித்துவிட முடியாது. பல சிறு வியாபாரிகளுக்கு வருடத்தின் கடனை அடைக்கிற நாட்கள் அவை.

இப்போது கட்டடக் கணக்குக்கு வருகிறேன். கணக்கெழுதியே வாழ்ந்தவன் என்பதால் தாளில் போட்டுப் பார்த்தேன். 36 ஏக்கர் என்பது ஏறத்தாழ 1,45,700 சதுர மீட்டர். 2019-இல் வந்த தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி பலமாடிக் கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 3.25; அதாவது நிலத்தின் பரப்பைப்போல் 3.25 மடங்கு தளம் கட்டலாம். முழுவதும் கட்டினால் 50 லட்சம் சதுர அடிக்கு மேல் வருகிறது. நீங்கள் பாதிதான் கட்டப்போகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 25 லட்சம் சதுர அடி. ஆளுக்கு நூறு சதுர அடி என்றால் 25,000 பேர் ஒவ்வொரு நாளும் வந்து போவார்கள். கடைகளுக்கு வருகிறவர்கள் இதற்கு மேல். இத்தனை பேருக்குமான கார்கள் அதே நூறடிச் சாலையில், அதே காளியம்மன் கோயில் தெருவில், அதே பூந்தமல்லி நெடுஞ்சாலையில்தான் நுழைய வேண்டும். வேறு சாலை வானத்திலிருந்து இறங்காது. காளியம்மன் கோயில் சந்திப்பில் 2021 நவம்பரில் மேம்பாலம் திறந்தார்கள். பாலம் சந்திப்பின் நெரிசலைக் குறைத்தது உண்மை. ஆனால் அது அன்றிருந்த வண்டிகளுக்குக் கட்டிய பாலம்.

மெட்ரோ வாசலிலேயே இருக்கிறது, மக்கள் காரில் வரமாட்டார்கள் என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான வாதம், நான் அதை மதிக்கிறேன். 2015 ஜூன் மாதம் சென்னையின் முதல் மெட்ரோ ரயில் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையில்தான் ஓடியது. மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் அடுத்த தடமும் கோயம்பேட்டைத் தொட்டுப் போகிறது. அப்படியானால் அந்த நம்பிக்கையைத் திட்டத்திலேயே காட்டுங்கள். அடுக்கடுக்காக நிலத்தடிக் கார் நிறுத்தம் கட்டிவிட்டு, எல்லாரும் மெட்ரோவில் வருவார்கள் என்று சொன்னால் எப்படி நம்புவது? நிறுத்த இடம் இருந்தால் கார் வரும். எங்கள் அங்காடித் தொழிலாளிக்கோ மெட்ரோ உதவாது. நள்ளிரவில் அது ஓடுவதில்லை. ஓடினாலும் கீரைக் கூடையோடு யாரும் ஏற முடியாது.

அடுத்து மழை. இதைப் பற்றி எழுதும்போது என் கை நடுங்குகிறது.

2015 டிசம்பர் 1 இரவு எங்கள் வீட்டுக்குள் நீர் வந்தது. வானத்திலிருந்து வந்ததைவிட வடிகாலிலிருந்து வந்ததுதான் அதிகம். விருகம்பாக்கம் – அரும்பாக்கம் கால்வாய் எங்கள் பகுதிகளின் மழைநீரைக் கூவத்தில் கொண்டுசேர்க்கிறது. கூவம் நிரம்பி ஓடும்போது அந்த நீரை வாங்காது. நீர் எதிர்த்துத் திரும்பித் தெருவுக்குள் ஏறும். இரவு இரண்டு மணிக்கு ஜன்னல் விளிம்பைத் தொட்டது. மேல்மாடி வீட்டில் இருபத்தாறு பேர் இரண்டு நாள் இருந்தோம். மண்டியின் அந்த மாதத்துப் பேரேட்டை நான் வீட்டில்தான் வைத்திருந்தேன். நீர் வடிந்தபின் அதன் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மொட்டைமாடியில் கல் வைத்துக் காயப்போட்டேன். மை கரைந்து நீலக் கறையாகக் கிடந்தது. எந்த விவசாயிக்கு எவ்வளவு தர வேண்டும் என்று தெரியாமல், ஒவ்வொருவரிடமும் இருந்த சீட்டைக் கேட்டு வாங்கி மூன்று வாரம் உட்கார்ந்து திரும்ப எழுதினேன். சீட்டைத் தொலைத்துவிட்டவர்கள் சொன்ன தொகையை அப்படியே எழுதிக்கொண்டேன்.

அதன்பின் 2021 நவம்பர் 7. நுங்கம்பாக்கத்தில் ஒரே இரவில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அதன்பின் 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். இப்போது எங்கள் தெருவில் தரைத்தள வீடுகளில் அரிசி மூட்டையைத் தரையில் வைக்கிறவர் எவரும் இல்லை. ஐப்பசி பிறந்தால் கட்டிலுக்கடியில் செங்கல் அடுக்குகிறோம்.

36 ஏக்கரில் 10 சென்டிமீட்டர் மழை விழுந்தால் அது ஏறத்தாழ 1.45 கோடி லிட்டர் நீர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் நிரப்பினால் ஆயிரத்து இருநூறு லாரி. இன்றைக்கும் பேருந்து நிலையம் சிமெண்டுத் தளம்தானே, அந்த நீர் இன்றைக்கும் வெளியேதானே வருகிறது என்று நீங்கள் கேட்டால், ஆம், வருகிறது. அதனால்தான் இந்த வாய்ப்பை விடக்கூடாது என்கிறேன். நகரத்தின் நடுவில் இத்தனை பெரிய பொது நிலம் இனி எப்போது இப்படி நம் கைக்குத் திரும்பி வரும்? சிமெண்டைப் பெயர்த்து அந்த நீரை அங்கேயே நிறுத்த முடியும். அதை விட்டுவிட்டு மூன்று நான்கு தளம் ஆழத்துக்குத் தோண்டினால், கூவத்துக்கு இவ்வளவு அருகில், ஊறிவரும் நிலத்தடி நீரை இரவும் பகலும் மோட்டார் வைத்து இறைக்க வேண்டிவரும். இறைத்த நீர் எங்கே போகும்? எங்கள் வடிகாலுக்குத்தான்.

அரசால் முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. 2024-இல் கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் 160 ஏக்கரை அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. அங்கே மழைநீரைத் தேக்கக் குளங்கள் வெட்டினார்கள். பெரும்பகுதி நிலத்தில் பூங்கா அமைக்கிறோம் என்றார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளில் எங்கள் தெருவே மகிழ்ந்தது. வேளச்சேரிக்காரர்களுக்கு வெள்ளம் தணியட்டும் என்று மனதார நினைத்தோம். கிண்டியில் சரியென்று பட்டது கோயம்பேட்டில் ஏன் தவறாகப் படவேண்டும்?

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006-ஆம் ஆண்டின் மத்திய அரசு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும். ஆனால் அதே அறிவிக்கை கட்டடத் திட்டங்களுக்கும் நகரியத் திட்டங்களுக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. ஊருக்கு வெளியே ஒரு சுரங்கமோ அனல் மின்நிலையமோ வந்தால் கிராமத்து மக்களைக் கூட்டிவைத்துக் கேட்க வேண்டும். நகரத்தின் நடுவில் 25,000 பேர் வந்துபோகும் வளாகம் வந்தால் கேட்க வேண்டியதில்லை. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதால் கேட்கவே கூடாது என்று ஆகிவிடாது. நீங்கள் விரும்பினால் நாளைக்கே எங்களைக் கூட்டிக் கேட்கலாம்.

அரசுக்கு வருவாய் வேண்டும் என்பதை நான் அறிவேன். அங்கே ஒரு செங்கல்கூட வைக்கக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் தெருவிலேயே இதில் இரண்டு கருத்து உண்டு. முழுவதும் பூங்காவாக வேண்டும் என்கிறார்கள் சிலர். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. நகரப் பேருந்துகளுக்கு நிலையம் அங்கேயே இருக்க வேண்டும். இரவில் வரும் லாரிகள் நெடுஞ்சாலையை அடைத்துக்கொண்டு நிற்காமல் உள்ளே வந்து முறைக்குக் காத்திருக்க இடம் வேண்டும். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவந்த ஓட்டுநருக்குக் குளிக்க ஓர் அறையும் படுக்க ஓர் இடமும் வேண்டும். இன்றைக்கு அவர்கள் லாரிக்கு அடியில்தான் படுக்கிறார்கள். பொங்கல் வாரத்தில் கரும்பு இறக்கத் திடல் வேண்டும். மீதி முழுவதும் குளமாகவும் மரமாகவும் இருக்கட்டும்.

ஆகவே நான் கேட்பவை இவை. 36 ஏக்கருக்கு இதுவரை யார் என்ன யோசனை தந்திருந்தாலும் அதை முழுமையாகத் தமிழில் வெளியிடுங்கள். அதைப் படித்துக் கருத்துச் சொல்ல எங்களுக்கு மூன்று மாதமாவது கொடுங்கள். அதுவரை எந்த ஒப்பந்தப்புள்ளியும் கோராதீர்கள். போக்குவரத்து ஆய்வை இருபத்துநான்கு மணி நேரமும் எடுங்கள். நள்ளிரவும் அதிகாலையும், பொங்கல் வாரமும் ஆயுத பூசை வாரமும், கனமழை பெய்யும் ஒரு நாளும் அதில் இருக்க வேண்டும். லாரிகள் காத்துநிற்கும் நேரத்தைத் தனியாகக் கணக்கிட வேண்டும். அந்த நிலத்தில் விழும் மழையில் ஒரு சொட்டுகூட விருகம்பாக்கம் – அரும்பாக்கம் கால்வாய்க்குக் கூடுதல் சுமையாகாது என்பதைத் திட்டத்தின் முதல் நிபந்தனையாக எழுதுங்கள். நிலத்தடித் தளங்கள் வேண்டாம். எது கட்டினாலும் கார் நிறுத்தத்துக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். சென்னைப் பெருநகருக்கு 2027 முதல் 2046 வரையிலான மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகும்போது, இந்த நிலத்தில் பாதிக்குக் குறையாமல் திறந்தவெளி என்று அதிலேயே குறித்துவிடுங்கள். பின்னால் வருகிறவர்கள் எளிதில் மாற்ற முடியாதபடி.

எங்களை அழைத்து ஒரு பொதுக்கூட்டம் நடத்துங்கள். அங்காடித் தொழிலாளர்கள், வியாபாரிகள், லாரி ஓட்டுநர்கள், எம்.எம்.டி.ஏ. காலனி, அரும்பாக்கம், விருகம்பாக்கம் மக்கள் எல்லாரும் வருவார்கள். சொல்வதை எழுத்தில் பதிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் தாருங்கள். அந்தக் கூட்டத்தைக் காலையில் வைக்காதீர்கள். இரவெல்லாம் மூட்டை தூக்கியவர்கள் அப்போதுதான் உறங்கப் போயிருப்பார்கள். மாலை நான்கு மணிக்கு வையுங்கள்.

இப்படிக்கு,
கோயம்பேடு காய்கறி அங்காடியில் கணக்கெழுதும் ஒருவன்,
எம்.எம்.டி.ஏ. காலனி, சென்னை